எடுத்துவிடலாமா என்று கேட்டிருந்தாயே

குளுகோர், பினாங்கு

அன்புள்ள மாலதி,

உன் கடிதத்தை நேற்று ராத்திரிதான் நிதானமாகப் படித்தேன். மகள் சுபாங் ஜெயாவுக்குக் குடிபோனது, அங்கே வீட்டு வாடகை கேட்டு உனக்குத் தலை சுற்றியது எல்லாவற்றையும் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, கடைசியில் "அப்புறம் ஒரு சின்ன சந்தேகம்" என்று, அச்சாகிவிட்ட மாணவியின் கட்டுரையை எடுத்துவிட முடியுமா என ஒரு வரி போட்டிருக்கிறாயே, அதுதான் விஷயம் என்று எனக்குத் தெரியாதா? ஹாஸ்டலிலும் இப்படித்தான். காய்ச்சல் என்று சொல்ல வந்துவிட்டு அரை மணி நேரம் மெஸ் சாம்பாரைத் திட்டிக்கொண்டிருப்பாய்.

இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முட்டி வலி மட்டும் விடவில்லை. இந்த வருஷமும் தண்ணீர்மலை முருகன் கோயில் படி ஏற முடியாதே என்பதுதான் அவருக்கு வலியைவிடப் பெரிய குறை. பெரியவனுக்கு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். நான் வழக்கம்போல இதழ் அலுவலகத்தில் உட்கார்ந்து அடுத்தவர் கட்டுரையில் காற்புள்ளி தேடிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் உன் சொந்தக் கட்டுரை. மாதக்கணக்கில் பதில் இல்லை, வேறு இதழுக்கு அனுப்பிவிடட்டுமா என்கிறாய். தாராளமாக அனுப்பு, ஆனால் முதலில் அனுப்பிய இதழிலிருந்து முறையாகத் திரும்பப் பெற்ற பிறகு. எடிட்டருக்கு ஒரு கடிதம் போதும்: கட்டுரை எண், தலைப்பு, காரணம் ஒரு வரி, கூட எழுதியவர்கள் அத்தனை பேருடைய சம்மதம். "திரும்பப் பெறப்பட்டது" என்று அவர்களிடமிருந்து எழுத்தில் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டிரு. அச்சாகாத கட்டுரையை எடுப்பதில் யாருக்கும் ஒரு வெட்கமும் இல்லை.

வெட்கம் எங்கே வருகிறது தெரியுமா? அண்மையில் எங்களுக்கு ஒரு கட்டுரை வந்தது. ஜொகூரில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்கு மதிப்பீட்டுக்கு அனுப்பினோம். காசு வாங்காமல் செய்கிற வேலை இது. மனிதர் வரி எண் போட்டு, அட்டவணையில் கூட்டுத்தொகை இடிக்கிற இடம்வரை குறித்து அனுப்பினார். அந்தக் குறிப்பை எழுதியவருக்கு அனுப்பின மறுநாளே பதில்: "வேறு இதழில் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள், இதை எடுத்துவிடுங்கள்." ஒரே சமயத்தில் இரண்டு இடத்துக்கு அனுப்பியிருக்கிறார் என்று அவரே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. எடிட்டர் அந்த இன்னொரு இதழுக்கும் எழுதிவிட்டார். மலேசியாவில் தமிழ்க் கல்வி பற்றி எழுதுகிறவர்கள் எத்தனை பேர், அதை மதிப்பிடத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? இரண்டு இதழும் ஒரே ஆளிடம் அனுப்பினாலும் ஆச்சரியமில்லை. இது தெரியாமல் பிள்ளைகள் துணிகிறார்கள்.

உன் பக்கத்து அறை விரிவுரையாளரிடம் ஏதோ ஒரு இதழ்க்காரர்கள் "திரும்பப் பெறும் கட்டணம்" என்று டாலரில் கேட்டார்களாமே, அதற்கு ஒரு சல்லிக்காசு கொடுக்க வேண்டாம் என்று சொல். ஒரே வாரத்தில் மதிப்பீடு முடிந்து ஏற்றுக்கொண்டோம் என்றபோதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். காசு பிடுங்குகிற இப்படிப்பட்ட இதழ்களை அமெரிக்க நூலகர் ஜெஃப்ரி பீல் பட்டியல் போட்டு வைத்திருந்தார். 2017 ஜனவரியில் அதை இணையத்திலிருந்து எடுத்துவிட்டார். பதிப்புரிமைத் தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறாரா என்று முதலில் பார்க்கச் சொல். அதற்குப் பிறகு தேதியோடு எழுத்தில் திரும்பப் பெற்று, நகலை நூலகத்துக்கும் துறைத்தலைவருக்கும் அனுப்பிவிடட்டும்.

இப்போது உன் "சின்ன சந்தேகம்". மாணவியின் கட்டுரை வெளிவந்துவிட்டது. கேள்வித்தாளில் எதிர்மறையாகக் கேட்ட கேள்விகளுக்கு மதிப்பெண்ணைத் திருப்பிப் போடாமலே கணக்குப் பார்த்திருக்கிறாள்; ஐந்து ஒன்றாக வேண்டிய இடத்தில் ஐந்தாகவே நிற்கிறது. சரிசெய்து பார்த்தால் முடிவே தலைகீழ். "சத்தமில்லாமல் எடுத்துவிட முடியுமா" என்கிறாய். முடியாதுடி. டிஓஐ எண், அதாவது இணையத்தில் கட்டுரைக்குக் கொடுக்கிற நிரந்தர அடையாள எண், விழுந்த கட்டுரை விழுந்ததுதான். நீதிமன்ற உத்தரவு, யாருக்காவது உயிராபத்து மாதிரி அபூர்வமான காரணம் இருந்தால்தான் அடியோடு நீக்குவார்கள். மற்றபடி கட்டுரை இருந்த இடத்திலேயே இருக்கும். பெரும்பாலான பதிப்பாளர்கள் பிடிஎஃபின் ஒவ்வொரு பக்கத்திலும் குறுக்கே "விலக்கப்பட்டது" என்று பதித்து, காரணத்தைச் சொல்லும் அறிவிப்பைத் தனியாகப் போட்டு இரண்டையும் இணைப்பார்கள். கோப் என்கிற பதிப்பு நெறிமுறைக் குழு 1997இல் தொடங்கியது. 2009இலிருந்து அவர்கள் விதி இதுதான். சின்னப் பிழை என்றால் திருத்தக் குறிப்பு போதும். முடிவே மாறினால் போதாது.

இதே கூத்து பெரிய இடத்திலும் நடந்திருக்கிறது. 2018இல் அமெரிக்காவின் ஜாமா மருத்துவ இதழில் நுரையீரல் நோயாளிகளைப் பற்றி ஒரு கட்டுரை. சிறப்புக் கவனிப்பு பெற்றவர்கள் மறுபடி மருத்துவமனைக்கு வருவது குறைந்தது என்றது. அப்புறம் பார்த்தால் எந்தக் குழு எது என்று குறிக்கும் எண் கோப்பில் இடம் மாறிக் கிடக்கிறது. உண்மையில் அவர்கள்தான் அதிகம் வந்திருக்கிறார்கள். 2019இல் பழையதை விலக்கி, சரியான கணக்கோடு அதே இதழில் மறுபடி வெளியிட்டார்கள். உங்கள் எடிட்டரிடமும் இந்த வழி உண்டா என்று கேள். மாணவியின் உழைப்பு முழுசாக வீணாகாது.

வேதியியலில் நோபல் வாங்கிய பிரான்சிஸ் ஆர்னல்ட் அம்மையார் தெரியுமல்லவா? அவருடைய குழு 2019இல் சயன்ஸ் இதழில் எழுதியதை 2020 ஜனவரியில் திரும்பப் பெற்றது. சோதனையை மறுபடி செய்தபோது அதே முடிவு வரவில்லை, ஆய்வுக் குறிப்பேட்டிலும் முக்கியமான பதிவுகள் இல்லை. அவரே டிவிட்டரில் எல்லாருக்கும் சொல்லி மன்னிப்பும் கேட்டார். பரிசை யாரும் பிடுங்கிக்கொள்ளவில்லை.

ஆனால் நம் ஊரில் இதைச் சொன்னால் கேட்பார்களா? கேபிஐ என்கிற வருடாந்திர வேலை இலக்குக் கணக்கில் ஒரு கட்டுரை குறையும். பட்டம் வாங்க ஸ்கோப்பஸ் என்ற ஆய்விதழ்ப் பட்டியலில் உள்ள இதழில் கட்டுரை ஒன்று வேண்டும் என்ற விதி சில இடங்களில் வேறு. மோசடி செய்தவனுக்கும் கணக்குத் தவறியவளுக்கும் ஒரே முத்திரை. 2023இல் மட்டும் உலகம் முழுக்கப் பத்தாயிரத்துக்கு மேல் கட்டுரைகளை விலக்கினார்கள். அதில் எட்டாயிரத்துக்கு மேல் ஹிந்தாவி என்ற ஒரே பதிப்பகத்தின் இதழ்களில் வந்தவை. காசுக்குக் கட்டுரை செய்து தருகிற கும்பல்கள் புகுந்து விளையாடிய இடம். அந்த நாற்றம் இப்போது எல்லார் மேலும் வீசுகிறது.

அதனால்தான் சொல்கிறேன், அறிவிப்பின் வாசகத்தை நீங்களே எழுதிக் கொடுங்கள். "ஆசிரியர்களின் வேண்டுகோளின்படி" என்று மொட்டையாக வந்தால் படிக்கிறவன் என்ன நினைப்பான்? எங்கேயோ திருடியிருக்கிறார்கள் என்றுதான். எந்தக் கேள்விகள், என்ன தவறு, யார் கண்டுபிடித்தார், சரிசெய்தால் முடிவு எப்படி மாறுகிறது, நாலு வரியில் சொல்லிவிடுங்கள். கண்டுபிடித்தது அவளே என்பது கட்டாயம் இருக்கட்டும். கடிதத்தில் முதல் கையெழுத்து உன்னுடையதாக இருக்க வேண்டும். மேற்பார்வையாளர் நீ, அவளை முன்னால் தள்ளிவிட்டுப் பின்னால் நிற்காதே. அதே அட்டவணை ஆய்வேட்டிலும் இருக்குமே, வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்கு முன்பே பட்டமேற்படிப்பு அலுவலகத்தில் சொல்லிவிடு. அவர்களாகக் கண்டுபிடித்தால் கதை வேறு.

தள்ளிப்போடவும் வேண்டாம். தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் முடிச்சுப் போட்ட 1998 கட்டுரையை லான்செட் என்ற மருத்துவ இதழ் விலக்க 2010 ஆனது. அதே லான்செட் 2020இல் கொரோனா மருந்துக் கட்டுரை ஒன்றை மே 22 வெளியிட்டு ஜூன் 4இல் விலக்கியது. தரவைக் காட்டச் சொன்னால் காட்ட முடியவில்லை, அவ்வளவுதான். மனசு வைத்தால் சீக்கிரம் முடியும்.

அடுத்த மாதம் கோலாலம்பூர் செந்தூலில் சித்தி பேத்தி கல்யாணம். பட்டர்வொர்த்திலிருந்து இடிஎஸ் ரயிலில் வருகிறேன். மறுநாள் காலை பிரிக்பீல்ட்ஸில் பசியாறலாம். உன் மாணவியையும் கூட்டிக்கொண்டு வா, மூலத் தரவுக் கோப்பை மறக்காமல் கொண்டுவரச் சொல். அதற்குள் எடிட்டருக்கு எழுதும் கடிதத்தின் வரைவை எனக்கு அனுப்பு. உன் காற்புள்ளிகளை நான்தான் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
சரசு