தன்யூ விட்டுவைத்த வெற்றிடம்

அன்புள்ள சேகர்,

நலம், நலமறிய ஆவல். மகளுக்கு ஜப்பானின் நாகோயாவில் வேலை கிடைத்தது பெரிய சந்தோஷம். அங்கே போனால் கோட்டை அரண்மனையைப் பார்ப்பாய் என்பதால்தான் இந்தக் கடிதம். அதில் படம் தீட்டிய பழைய ஜப்பானிய ஓவியர் கானோ தன்யூவின் படங்களைப் பார்த்துவிட்டு, "பாதி இடம் சும்மா கிடக்கிறதே, அரண்மனை ஓவியர் வேலையை முடிக்கவில்லையா?" என்று கேட்டிருந்தாய். நல்ல கேள்வி.

தன்யூ 1602-இல் கியோட்டோவில் பிறந்தவர். 1617-இல், 15 வயதில், எடோவில் (இன்றைய டோக்கியோ) ஷோகுனின், அதாவது நாட்டை ஆண்ட படைத்தலைவரின், ஓவியரானார். 1621-இல் கஜிபாஷி பகுதியில் அவருக்கு மனை கொடுத்தார்கள். பேரரசர் கோ-மிசுனோ-ஓவின் 1626 வருகைக்காகக் கியோட்டோவின் நிஜோ கோட்டையை அலங்கரித்தபோது வயது 24தான். அங்கே பொன் தகட்டின்மேல் கிளை விரித்து நிற்கும் பைன் மரங்கள், தாத்தா எய்தோக்குவைப் போலவே பார்ப்பவரை மிரட்டுகின்றன. ஆனால் 1634-இல், ஷோகுன் இயெமிட்சு தங்குவதற்காக நாகோயாவில் வரைந்தபோது மனிதர் மாறிவிட்டார். மையும் கொஞ்சம் நிறமும் மட்டும், மற்றதெல்லாம் காலி.

அந்தக் காலியிடம்தான் கடினமான வேலை. தாளில் மை ஊறிப் பரவாமல் இருக்க, முதலில் வஜ்ஜிரமும் (விலங்குத் தோலிலிருந்து காய்ச்சும் பசை) படிகாரமும் கலந்த நீரைப் பூச வேண்டும். வஜ்ஜிரத்தை இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, கொதிக்க விடாமல் இளஞ்சூட்டில் கரைத்து வடிகட்ட வேண்டும். கொதித்தால் ஒட்டும் வலு போய்விடும். படிகாரம் எப்போதும் வஜ்ஜிரத்தைவிடக் குறைவாகவே சேர வேண்டும். கூடினால் தாள் மினுமினுக்கும், நாளடைவில் மொறுமொறுத்து உடையும். பூசும்போது ஒரு கையகலம் விட்டுப்போனாலும், மெல்லிய மை அங்கே உறிஞ்சப்பட்டுக் கறுத்த திட்டாகிவிடும். எய்தோக்கு வழியில் அதன்மேல் ஒரு பாறையைத் தீட்டி மறைத்துவிடலாம். பனிமூட்டத்துக்கென்று விட்ட இடத்தில் எதைக்கொண்டு மறைப்பது? அந்தத் தாளையே தூக்கிப்போட வேண்டியதுதான்.

ஓர் அரண்மனை முழுவதையும் ஒருவரே தீட்ட முடியாது என்பதையும் நினைவில் வை. தலைமை ஓவியர் அமைப்பை வகுத்து அறைகளைப் பங்கிட்டுக் கொடுப்பார். உடன்பிறந்தவர்களும் சீடர்களும் சேர்ந்து முடிப்பார்கள். அதற்காகவே மாதிரிப் படங்களைப் பார்த்து அச்சுப் பிசகாமல் வரையும் பயிற்சி இருந்தது. கடைசித் தம்பி யாசுனோபு, பிறவித் திறமையால் வரும் ஓவியத்தைவிடக் கற்று வரும் ஓவியமே மேல், அதைத்தான் அடுத்த தலைமுறைக்குக் கொடுக்க முடியும் என்று 1680-இல் எழுதிவைத்தார். பின்னாளில் கானோ குடும்பத்தின் ஓவிய மரபு வறண்டதற்கு அந்தக் கொள்கையும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். ஆனால் அந்தப் பழியைத் தன்யூமேல் போடக் கூடாது.

ஏனென்றால் அவர் கடைசிவரை பார்த்துப் பார்த்துக் கற்றவர். பழைய சீன, ஜப்பானிய ஓவியங்களை அசலா போலியா என்று கேட்டு அவரிடம் கொண்டுவருவார்கள். திருப்பிக் கொடுக்குமுன் ஒவ்வொன்றையும் சிறிதாக நகலெடுத்து, தேதியும் தன் கணிப்பும் பக்கத்திலேயே குறித்துக்கொண்டார். கிடைத்திருப்பவற்றில் பெரும்பாலானவை 1660-க்குப் பிந்தியவை, அதாவது அறுபது வயதை நெருங்கிய பிறகும் அதைக் கடந்த பிறகும் வரைந்தவை. 1662-இல் ஓவியர்களுக்கான மிக உயர்ந்த பட்டமான 'ஹோயின்' வந்த பிறகும், 1674-இல் இறக்கும்வரை அவர் அதை நிறுத்தவில்லை. மூலம் அழிந்துபோன சில ஓவியங்களுக்கு இன்று அந்தச் சின்ன நகல்தான் மிச்சம். என்னைக் கேட்டால், கோட்டைச் சுவர்களைவிட அவரை நெருக்கமாகக் காட்டுவது அந்தத் தாள்கள்தான். கியோட்டோ தேசிய அருங்காட்சியகத்தில் நிறைய இருக்கின்றன.

நாகோயா அரண்மனை 1945 மே மாதக் குண்டுவீச்சில் எரிந்தது. முன்பே கழற்றி வைத்திருந்த நகர்த்தும் கதவுகள் தப்பின, சுவரோடு பதிந்திருந்தவை போயின. இப்போது நீ நுழையப்போவது 2018-இல் கட்டி முடித்த மறு உருவம், உள்ளே இருப்பவை நகல்கள். அசல் கதவுகள் காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கின்றனவா என்று வாசலிலேயே கேள். பார்க்கக் கிடைத்தால் உருவங்களை விட்டுவிட்டு, மெல்லிய மை காலியிடத்தில் கரையும் ஓரத்தில் கண்ணை வை. அங்கே ஒரு திட்டாவது தெரிகிறதா என்று பார்த்து எழுது.

அன்புடன்,
மணி