14 அடிச் சாய்தளமும் பதில் வராத ஒரு கடிதமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வன்னி இளைஞர்கள் என்றாலே போதை, வாள்வெட்டு, படிப்பில் அக்கறையின்மை என்றுதான் செய்திகள் வருகின்றன. அவை பொய் என்று சொல்ல வரவில்லை. ஆனால் என் மகள் படிக்கும் தொழிற்பயிற்சி நிலையத்தில் பிள்ளைகள் செய்கிற வேலையைப் பார்த்தபிறகு, அதையும் எழுதாமல் இருக்க மனம் கேட்கவில்லை.

பயிற்சி தொடங்கிச் சில மாதங்களிலேயே அவர்களின் வகுப்பில் கதிரைகள் காலியாகத் தொடங்கின. வராதவர்களின் பெயர் இடாப்பில் வெட்டப்பட்டதோடு சரி, யாரும் ஏன் என்று கேட்கவில்லை. பிள்ளைகள் கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் வீடு வீடாகப் போய், வகுப்புக்கு வராமல் நின்றவர்களைக் கண்டு கதைத்து, ஒரு சீ.ஆர். கொப்பியில் காரணங்களை எழுதினார்கள். அந்தக் கொப்பியை நான் முழுவதும் வாசித்தேன். 'படிக்க விருப்பமில்லை' என்று ஒரு பக்கத்திலும் இல்லை. காலை பஸ்ஸை விட்டால் அடுத்தது தனியார் பஸ், அதில் சீசன் ரிக்கெட் செல்லாது. தாய் எடுத்த நுண்கடனுக்கு வாராவாரம் கட்ட வேண்டும் என்பதால் ஒரு பிள்ளை ஆடைத் தொழிற்சாலைக்குப் போய்விட்டாள்.

இன்னொருவன் நின்றது, வகுப்பில் சிலர் அவனைத் 'தோட்டக்காட்டான்' என்று, மலையகத்தாரை இழிவாகச் சொல்லும் சொல்லால், கூப்பிட்டதால். 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து, காடு வெட்டிக் காணியாக்கியவர்கள்தான் என் பெற்றோரும். அந்தச் சொல்லை என் சின்ன வயதில் நானும் கேட்டிருக்கிறேன். போரில் ஒன்றாக இடம்பெயர்ந்து, ஒரே பதுங்குகுழியில் கிடந்த சனத்தின் பிள்ளைகள் வாயில் அது இன்னும் இருக்கிறதே என்று அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. ஆனால் கொப்பியில் அதை எழுதியதோடு அவர்கள் விடவில்லை. அப்படிக் கூப்பிட்டவர்களையே அவன் வீட்டுக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள். அவன் இப்போது மறுபடியும் வகுப்புக்கு வருகிறான்.

தலைப்பில் சொன்ன சாய்தள விடயத்துக்கு வருகிறேன். மகளின் வகுப்பில் ஒரு தம்பி சக்கர நாற்காலியில் வருகிறான். 2009இல் ஷெல் விழுந்து இரண்டு கால்களையும் இழந்தவன், அப்போது சின்னக் குழந்தை. கணினி அறை வாசலில் இரண்டு படி. தினமும் நாலு பேர் நாற்காலியோடு தூக்கி உள்ளே வைப்பார்கள். "அங்கிள், தூக்கிறது எங்களுக்குப் பாரமில்லை. மலசலகூடத்துக்கும் தூக்க வேணும் எண்டு அவன் பின்னேரம் வரைக்கும் தண்ணி குடிக்கிறான் இல்லை" என்று ஒரு பிள்ளை என்னிடம் சொன்னான்.

மேசன் வகுப்புப் பிள்ளைகள் டேப் பிடித்து அளந்தார்கள். படிகளின் உயரம் 14 அங்குலம். ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம் விட்டால்தான் தள்ள ஆளில்லாமல் அவனே ஏறலாம், ஆகவே 14 அடிச் சாய்தளம். முற்றத்தில் சோக்கட்டியால் கோடு போட்டு, அவனையே கூப்பிட்டு அகலம் சரியா என்றும் பார்த்தார்கள். சீமெந்துக்குத் தங்களுக்குள் காசு சேர்த்துவிட்டு, கட்ட அனுமதி கேட்டு நிலைய நிர்வாகத்துக்குக் கடிதம் கொடுத்தார்கள். மாதங்கள் போய்விட்டன, பதில் இல்லை. மழை பெய்தால் கோடு அழியும், அவர்கள் திரும்பப் போடுவார்கள்.

இது யாரும் மனமிரங்கிக் கொடுக்கும் சலுகை இல்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்கு 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. பொதுக் கட்டடங்களுக்குள் அவர்கள் போய்வர வசதி வேண்டும் என்ற ஒழுங்குவிதிகள் 2006இல் வர்த்தமானியில் வந்தன. 2011இல் உயர் நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. போரில் கைகால் இழந்தவர்கள் இவ்வளவு பேர் வாழும் வன்னியில், 2009க்குப் பிறகு எழுந்த கட்டடங்களிலேயே எத்தனைக்கு வாசலில் படி மட்டும் இருக்கிறது என்று உங்கள் நிருபர்கள் ஒருநாள் சுற்றிப் பார்க்கட்டும்.

பல்கலைக்கழக மாணவர்களின் சங்கங்களுக்கு 1978ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சட்டத்திலேயே இடம் உண்டு. எங்கள் பிள்ளைகளுக்கோ நிலையத்தின் கூட்டத்தில் உட்கார்ந்து ஒரு வார்த்தை சொல்ல வழியில்லை. சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்தியவர்கள், கூலி வேலை செய்பவர்களின் பிள்ளைகள், அவர்களுக்கு என்ன தெரியும் என்ற எண்ணம் மேலிடத்தில் இருக்கிறது போலும். அந்தக் கொப்பியை ஒருமுறை திறந்து பார்த்தால் அந்த எண்ணம் போய்விடும்.

நிலைய நிர்வாகத்திடம் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. மாதாந்தக் கூட்டத்தில் பயிலுநர்கள் இருவருக்கு இடம் கொடுங்கள். காலை பஸ் நேரத்தைப் பற்றி இலங்கைப் போக்குவரத்துச் சபையின் (இ.போ.ச.) பஸ் சாலையோடு பேசுங்கள். முதலில், அந்தக் கடிதத்துக்கு அனுமதி என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள். மணலும் கல்லும் ஏற்றிவந்து இறக்கிவிட என்னிடம் லேண்ட் மாஸ்டர் உழவு இயந்திரம் இருக்கிறது, கூலி வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு பயிலுநரின் தந்தை,
தருமபுரம், கிளிநொச்சி.