கொடைக்கு ரெக்கார்டர் வாங்கப்போற மருமவனுக்கு

அன்புள்ள மக்கா,

ஆடி மாசம் நம்ம கோவில்ல நடக்குற கொடைத் திருவிழாவுக்கு முன்னாடி, அங்க பாட்டும் மேளமும் பதிவு பண்ண ஒரு ரெக்கார்டர் வாங்கணும், காசு ரொம்ப ஆகக்கூடாது, எது வாங்கலாம் மாமான்னு கேட்டிருந்த. உனக்கு மட்டும் போன்ல சொல்லிருக்கலாம், ஆனா நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல தோவாளையில இருந்து களியக்காவிளை வர இதே கேள்வியோட அலையுற பிள்ளைய நெறைய பேரு இருக்கு, அதனால பொதுவாவே எழுதுறேன்.

மொதல்ல போன் போதாதான்னு கேட்ட. பேட்டி எடுக்கப் போதும், மேளத்துக்குப் போதாது. போன் தன்னால சத்தத்த ஏத்தி எறக்கும், வில்லுப்பாட்டுல தாளத்துக்கு அடிக்கிற குடத்துல ஒரு அடி ஓங்கி விழுந்தா பாட்டையும் சேத்து அமுக்கிரும், அடுத்த நொடியே பாட்டு தணிஞ்சா பின்னால ஓடுற ஜெனரேட்டர் சத்தத்த தூக்கி முன்னால வைக்கும், அப்புறம் அத எந்த சாஃப்ட்வேர்ல போட்டாலும் பழையபடி வராது. ரெக்கார்டர் வாங்குனாலும் அதுல இதே வேலைய தன்னால செய்ற ஆட்டோ லெவல்னு ஒண்ணு இருந்தா, அத மொத வேலையா ஆஃப் பண்ணிரு.

பத்து பதினஞ்சாயிரம் பக்கத்துல பாத்தா மூணு மெஷின்தான் என் கண்ணுக்குப் படுது. ஜூம் ஹெச்1என், அதுக்கப்புறம் 2024ல வந்த ஹெச்1 எசென்ஷியல், டாஸ்காம் டிஆர்-05எக்ஸ். மூணுமே பேன்ட் பாக்கெட்டுல அடங்கும். ஜூம் ரெண்டுலயும் மைக் ரெண்டும் குறுக்க வச்சிருப்பான், முன்னால உள்ளத நல்லா பிடிக்கும், பின்னால உள்ளத கொஞ்சம் தள்ளி வைக்கும். டாஸ்காம்ல உள்ள மைக் நாலு பக்கமும் ஒரேபோல கேக்கும், அடிச் சத்தம் அதுல நல்லா கனமா விழும், காத்துக்கும் கொஞ்சம் தாங்கும், ஆனா பக்கத்துல கடலைமிட்டாய் பேப்பர் பிரிக்கிற பிள்ளையும் சேந்து பதிவாகும். மைக் செட் போடாம கணியான்மாரு ஆடிப் பாடுற கணியான் கூத்துக்கு, அந்த உச்ச மகுடம், மந்த மகுடம்ங்கிற ரெண்டு தோல் கருவியும் சேந்து அதிருறத எடுக்க எனக்கு டாஸ்காம்தான் பிடிக்கும். வில்லுப்பாட்டுக்கு மரத்துக்கு மரம் கோளாம்பி, அதான் கூம்பு ஸ்பீக்கர், கட்டிருப்பான், அங்க முன்பக்கத்த கூடுதலா கேக்குற ஜூம்தான் சரி. நீ போறது பூரா வில்லுக்குன்னா ஹெச்1 எசென்ஷியல் வாங்கு, கை கடிச்சா பழைய ஹெச்1என் செகண்ட்ஹேண்ட்ல கெடச்சாலும் யோசிக்காண்டாம்.

எசென்ஷியல்ல 32 பிட் ஃப்ளோட்னு ஒண்ணு இருக்கு, லெவல் வைக்கிற திருகே கெடயாது, சின்ன சத்தமும் பெரிய சத்தமும் அப்படியே விழும், பொறவு கம்ப்யூட்டர்ல ஏத்தி எறக்கிக்கலாம். புதுசா எடுக்குறவனுக்கு இது பெரிய நிம்மதி. ஆனா இத வச்சி எவ்வளவு சத்தத்துக்குள்ளயும் போய் நிக்கலாம்னு நெனச்சிராத. அந்த மைக் தாங்குறது 120 டெசிபல், டாஸ்காம் 125. அதுக்கு மேல போனா மைக்குலயே சத்தம் ஒடஞ்சிரும், ஒடஞ்சத எத்தன பிட்ல எழுதுனாலும் ஒடஞ்சதுதான். கேரளத்து சிங்காரி மேளம் வரும்போ செண்டைக்கு நேர் முன்னால போய் கைய நீட்டுறத நெறைய பேரு செய்றாங்க, அது வேண்டாம் கேட்டியா. தெறந்த வெளியில தூரம் ரெட்டிச்சா 6 டெசிபல் கொறையும், அஞ்சடியில நிக்காம இருபதடி தள்ளி நின்னா 12 டெசிபல் போச்சு, வலந்தலைங்கிற கனத்த செண்டையும் இலத்தாளம்ங்கிற ஜால்ராவும் ஒண்ணோட ஒண்ணு சேந்து வர்றதும் அங்கதான். மத்த மெஷின்ல லெவல் நீயே வைக்கணும், ஓங்கி அடிக்கிற நேரத்துல ஸ்க்ரீன்ல உள்ள லெவல் மீட்டர் மைனஸ் 12லயிருந்து மைனஸ் 6க்குள்ள நிக்கிற மாதிரி வச்சிக்கோ.

எடம்தான் பாதி ரெக்கார்டிங், எனக்கு இதுல சந்தேகமே இல்ல. வில்லுக்கு நேர் நடுவுல, ஆறேழு அடி தள்ளி, பாடுறவங்க நெஞ்சு ஒசரத்துல சின்ன ஸ்டாண்ட்ல வையி. குடம் ஒரு பக்கம், உடுக்கை ஒரு பக்கம், வில்லு மணி நடுவுலன்னு கேக்குறப்போ தனித்தனியா பிரிஞ்சு வரும். கோளாம்பி ஒன்னோட முதுகுப்பக்கம் இருக்கணும். சவுண்ட் செட் அண்ணன்கிட்ட கேட்டா மிக்சர்ல இருந்து ஒரு வயர் தருவாரு, சுத்தமா இருக்கும், ஆனா பொம்பளைய போடுற குலவையும் சாமி வர்றப்போ எழும்புற சத்தமும் அதுல வராது, அது இல்லாத கொடைய நான் கொடைன்னு சொல்லமாட்டேன்.

ரோமம் வச்ச காத்து உறை தனியா வாங்கணும், வெறும் ஸ்பாஞ்சு பத்தாது. ஆரல்வாய்மொழியில கரண்ட் எடுக்குற காத்தாடி எல்லாம் எதுக்கு அங்க நிக்குதுன்னு ஒனக்கே தெரியும், ஆடி மாசக் காத்துல உறை இல்லாம எடுத்தா பொடபொடன்னு அடிக்கிறது மட்டுந்தான் மிஞ்சும். பேட்டரி ரெண்டு செட், பேக்ல ஒரு ஹெட்போன். டாஸ்காம்ல ரெக்கார்ட் பட்டன் ஒரு தடவ அமுக்குனா லைட் மினுங்கும் அவ்ளோதான், ரெண்டாவது அமுக்குக்குத்தான் ஓடும், நம்பர் நகருதான்னு பாத்துட்டு ஒக்காரு. 48 கிலோஹெர்ட்ஸ் 24 பிட் வேவ் ஃபைல் மணிக்கு ஏறக்குறைய ஒரு ஜிபி, 32 ஜிபி கார்டுல ராத்திரி முழுக்க எடுத்தாலும் பாதிக்கு மேல மிச்சம் இருக்கும், அதனால எம்பி3ல எடுத்து எடம் மிச்சம் பிடிக்காண்டாம்.

இத்தனையும் எதுக்கு சொல்றேன்னா, ஒரே சுடலைமாடன் சாமி கதைய ஒவ்வொரு குழுவும் வேற வேற மாதிரி பாடுது, எங்க நீட்டணும் எங்க சிரிக்க வைக்கணும்ங்கிறது அவங்கவங்க தொண்டையிலயும் மனசுலயுந்தான் இருக்கு, ஏடுல இருந்தாலும் அந்த ராகம் ஏடுல இல்ல. பாடுறவங்க பலருக்கு வயசாச்சு. பெரிய மெஷினுக்கு காசு சேரட்டும்னு நீ காத்திருந்தா அடுத்த கொடைக்கு அதே ஆள் பாடுவாருன்னு யாரு உறுதி சொல்ல முடியும், அதனால சின்னதே போதும், இந்த வருஷமே எடு.

எடுக்குறதுக்கு முன்னாடி வில்லுல தலைமையா பாடுற புலவர்கிட்ட நேர்ல போய் சம்மதம் கேளு, யூட்யூப்ல போடுறதுன்னா அதையும் தனியா கேளு. ஓட விட்டதும் மைக்குல ஊரு, கோவில், தேதி, குழு பேரு, கதை பேரு எல்லாம் ஒன் வாயால சொல்லிரு, பத்து வருஷம் கழிச்சு ஃபைல் பேர பாத்து ஒண்ணும் தெரியாது. வீட்டுக்கு வந்ததும் ரெண்டு எடத்துல காப்பி போடு, ஒரு பென்டிரைவ்ல ஏத்தி அந்தக் குழுவுக்கே கொண்டு குடு. கடைக்குப் போறப்போ சொல்லு, நானும் நாகர்கோவில் வந்துருதேன்.

அன்போட,
மாமா