‘ஸ்கேல்’ கொடுப்பதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கணினியில் வரைந்து சி.என்.சி.யில் (கணினிக் கட்டுப்பாட்டு எந்திரத்தில்) வெட்டுவது பற்றித் தங்கள் தொழில் பக்கத்தில் வந்த கட்டுரையில், ‘ஒரு டிராயிங் இருந்தால் போதும், ஸ்கேல் கட்டளை கொடுத்து எந்த அளவிலும் பாகத்தைச் செய்துகொள்ளலாம்’ என்று ஒரு வரி. ஸ்கேல் என்பது வரைந்த எல்லா நீளத்தையும் ஒரே எண்ணால் பெருக்கும் கட்டளை. மாணவர்கள் அந்த வரியை அப்படியே நம்பினால் நல்ல உலோகம் குப்பைக்குப் போகும்.

எல்லா அளவும் ஒரே விகிதத்தில் தவறியிருந்தால், அதைத் திருத்த ஸ்கேலைவிட நல்ல கருவி இல்லை. அலகுக் குழப்பம் அந்த வகை. டி.எக்ஸ்.எஃப். என்ற வரைபடக் கோப்பில் ஒரு கோடு 50 என்றால் வெறும் 50தான். அது அங்குலமா மில்லிமீட்டரா என்பதைக் கோப்பின் தலைப்பகுதியில் ‘இன்ஸ்யூனிட்ஸ்’ என்ற குறிப்பு சொல்லும்: 1 என்றால் அங்குலம், 4 என்றால் மி.மீ., 0 என்றால் யாரும் எதுவும் சொல்லவில்லை. டி.எக்ஸ்.எஃப்.பின் பழைய ஆர்12 வடிவத்தில் அதுவும் கிடையாது. முப்பரிமாண வடிவங்களுக்கான எஸ்.டி.எல். கோப்பிலும் அலகு இல்லை; அதே வேலைக்கான ஸ்டெப் கோப்பில் உண்டு. 50 மி.மீ. பாகம் திரையில் 1270 என்றோ 1.9685 என்றோ வந்து நின்றால் 25.4-இன் வேலை (ஓர் அங்குலம் 25.4 மி.மீ.) என்று உடனே தெரிந்துகொள்ளலாம்.

1270-ஐ 50 ஆக்க 0.039 என்று தட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். வருவது 49.53. 0.0394 போட்டால் 50.04. ஆட்டோகேட் வரைபட மென்பொருளில் ஸ்கேல் கட்டளைக்குள்ளேயே ‘ரெஃபரன்ஸ்’ இருக்கிறது. பழைய நீளம் 25.4, புது நீளம் 1 என்று கொடுத்தால் தசமக் கணக்கை அது பார்த்துக்கொள்ளும். ஸ்கேன் செய்த படத்தின் மேல் வரைகிறவர்களுக்கும் இதே வழிதான், ஆனால் ரெஃபரன்ஸுக்குப் படத்திலேயே மிக நீளமான, அளவு தெரிந்த கோட்டை எடுக்க வேண்டும். 10 மி.மீ. துளையை வைத்துச் சரிசெய்யும்போது 0.1 பிசகினால், 300 மி.மீ. நீளத்தில் அது 3 மி.மீ. ஆகிவிடும். கிடைக்கோட்டில் ஒன்று, செங்குத்தில் ஒன்று என இரண்டையும் சோதிப்பது நல்லது. ஸ்கேனர் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இழுப்பதில்லை.

டைமென்ஷனில் (கோட்டின் மேல் குறித்த அளவில்) தெரியும் எண்ணை நம்பிவிடவும் கூடாது. ‘டிம்எல்ஃபேக்’ (காட்டும் எண்ணை மட்டும் பெருக்கும் அமைப்பு) 2 என்று வைத்துப் பாதி அளவில் வரைந்த டிராயிங்கில், 50 மி.மீ. கோட்டின் மேல் 100 என்று எழுதியிருக்கும். காகிதத்தில் பார்க்கிறவருக்கு எல்லாம் சரி. வெட்டும் பாதையைத் தயாரிக்கும் கேம் மென்பொருள் எடுப்பது கோட்டை. அது 50 மி.மீ.தான் வெட்டும். எண்ணைக் கையால் மாற்றி எழுதியிருந்தால் இன்னும் மோசம், எத்தனை ஸ்கேல் கொடுத்தாலும் அந்த எண் அசையாது. ‘டிஸ்ட்’ என்ற அளக்கும் கட்டளை கொடுத்து இரண்டு புள்ளிகளைத் தொட்டு அளந்தால் உண்மை தெரிந்துவிடும்.

கட்டுரை சொன்னது போலப் பாகத்தையே பெரிதாக்குவது வேறு கதை. 20 மி.மீ. உள்விட்டமும் 47 மி.மீ. வெளிவிட்டமும் உள்ள 6204 பேரிங் உட்காரும் ஹவுசிங்கை 1.25 மடங்கு ஆக்குவோம். 20 மி.மீ. ஷாஃப்ட் 25 ஆகும், சரி. 47 மி.மீ. போர் (பேரிங் உட்காரும் துளை) 58.75 ஆகும். ஆனால் 25 மி.மீ. ஷாஃப்டுக்கான 6205 பேரிங்கின் வெளிவிட்டம் 52தான். எம்8 (8 மி.மீ. திரெட்) டேப்புக்கான 6.8 துளை 8.5 ஆகும், அது தற்செயலாக எம்10-க்குச் சரியான டிரில். அந்தத் துணிச்சலில் எம்6-ஐ விட்டுவிட்டால், அதன் 5 மி.மீ. துளை 6.25 ஆகி நிற்கும். எம்7.5 போல்டுக்கு எங்கே போவது? டாலரன்ஸும் (அனுமதிக்கும் அளவு வித்தியாசமும்) கூடவே வளராது. எச்7 என்ற டாலரன்ஸ் தரத்தில் 25 மி.மீ. போருக்கு +0.021 என்றால் 50 மி.மீ. போருக்கு +0.025தான், 0.042 அல்ல. சிறிதாக்கினாலும் தொல்லை: உள்மூலை ஆரம் 3 மி.மீ. இருந்த பாக்கெட் குழியைப் பாதியாக்கினால் ஆரம் 1.5 ஆகும், 6 மி.மீ. எண்ட் மில் கட்டர் அந்த மூலைக்குள் நுழையாது. ஆகவே துளை, திரெட், பேரிங் இருக்கை, சாவிப்பள்ளம் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு வெறும் உடலை மட்டும் ஸ்கேல் செய்து, பிறகு அட்டவணைப்படி அவற்றைத் திரும்ப வைக்க வேண்டும்.

இதைவிட அடிக்கடி நடக்கும் பிழை கிளியரன்ஸுக்கு ஸ்கேல் கொடுப்பது. 20×100 மி.மீ. தகடு ஒரு பள்ளத்தில் சுற்றிலும் 0.2 இடைவெளியோடு உட்கார வேண்டும், பள்ளம் 20.4×100.4. ‘20, 20.4 ஆக வேண்டும்’ என்று 1.02 ஸ்கேல் கொடுத்தால் பள்ளம் 20.4×102 ஆகிவிடும். அகலத்தில் சரி, நீளத்தில் தகடு ஆடும். உள்ளே 80 மி.மீ. தூரத்தில் முளை (பின்) செருகும் இரண்டு துளைகள் இருந்தால் அவை 81.6-க்கு விலகிப் போயிருக்கும், முளை இறங்காது. இங்கே தேவை கோட்டை எல்லாப் பக்கமும் ஒரே தூரம் நகர்த்தும் ‘ஆஃப்செட்’, 0.2 வெளிப்பக்கம். வார்ப்பு அச்சுக்கு மட்டும் ஸ்கேல் பொருந்தும், ஏனென்றால் ஆறும் உலோகம் எல்லாப் பக்கமும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் சுருங்குகிறது: வார்ப்பிரும்பு சுமார் 1 சதவீதம், அலுமினியம் 1.3, எஃகு 2. கடைசலுக்கு விடும் கூடுதல் கனத்தை அதற்குப் பிறகு தனியாகச் சேர்க்க வேண்டும்.

எந்திரத்திலேயே ஜி51 என்ற கட்டளை போட்டு அளவை மாற்றும் வசதியும் ஃபனுக் வகைக் கன்ட்ரோல்களில் உண்டு. மூன்று அச்சுக்கும் 1.5 கொடுத்தால் ஆழமும் 1.5 மடங்கு, 12.5 இறங்க வேண்டிய கட்டர் 18.75 இறங்கும். 12 மி.மீ. தகட்டுக்கு அடியில் என்ன இருக்கிறதோ அதுவும் வெட்டுப்படும். கட்டரின் ஆரத்துக்காகப் பாதையை விலக்கும் திருத்தம் மட்டும் பழைய அளவிலேயே இருக்கும், அது நல்லதுதான். வேலை முடிந்ததும் அதை ரத்து செய்யும் ஜி50 போட மறந்தால் அடுத்த நிரலும் பெரிதாகவே ஓடக்கூடும்.

ஒரு வேண்டுகோள். கட்டுரையோடு வந்த படத்தின் மூலையில் ‘அளவு 1:1’ என்று இருக்கிறது. பத்தி அகலத்துக்குப் படத்தைச் சுருக்கியதால், 60 என்று குறித்த கோடு தாளில் 41 மி.மீ.தான் வருகிறது. அடுத்த பகுதியில் அந்த 1:1-ஐ எடுத்துவிட்டு, படத்துக்குள்ளேயே 10 மி.மீ. அளவுக்கோடு ஒன்று வரையச் சொல்லுங்கள். படம் எவ்வளவு சுருங்கினாலும் அதுவும் சேர்ந்து சுருங்கும்.

இப்படிக்கு,
எந்திர டிராயிங் துறை வாசகர்கள்