நம் தோட்டத்துக்கு மரம் கொடுத்த மண்ணை இப்படியா பேசுவது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன மாதம் எங்கள் ஊர் கடைவீதியில் நடந்த ஒன்றைச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். எங்கள் ஊர் மலேசியாவில் சிலாங்கூர் மாநிலத்துப் பத்தாங் பெர்ஜுந்தை. பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றி இத்தனை வருடமாகியும் எங்கள் வாயில் பழைய பெயர்தான் வருகிறது. கைப்பேசிக்குப் பணம் போட ஒரு கடையில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் ஓர் ஆப்பிரிக்க மாணவர், இருபது வயதிருக்கும், காசை நீட்டியபடி பொறுமையாக நிற்கிறார். உள்ளே உட்கார்ந்திருந்த நம் பையன்கள் இரண்டு பேர், அவருக்குத் தமிழ் தெரியாது என்ற தைரியத்தில் அவருடைய நிறத்தையும் தலைமுடியையும் வைத்துப் பேசியதை இந்தக் கடிதத்தில் எழுத எனக்கு மனமில்லை. பேச்சு புரியாவிட்டாலும் சிரிப்பு புரியுமே. அந்தப் பிள்ளை மீதிச் சில்லறையைக்கூட எண்ணிப் பார்க்காமல் வெளியே போய்விட்டார்.

"ஏன் தம்பி, உங்களை ஒருத்தன் இப்படிச் சொன்னா சும்மா இருப்பீங்களா?" என்று கேட்டேன். "அங்கிள், உங்களுக்குத் தெரியாது, அவனுங்க நாடே அப்படித்தான்" என்றான் ஒருவன்.

எனக்குத் தெரியும். 2019 ஜூன், ஜூலை இரண்டு மாதமும் நான் அந்த நாடுகளில்தான் இருந்தேன். கென்யா, தான்சானியா, சாம்பியா, தென்னாப்பிரிக்கா என்று ரயிலிலும் பஸ்ஸிலும் தரை வழியாகவே போனேன். செம்பனை எண்ணெய் ஆலையில் முப்பத்திரண்டு வருடம் ஃபிட்டராக இருந்துவிட்டு, வேலையை விட்ட கையோடு சேமநிதிப் பணத்தில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பியவன். சொந்தக்காரர்கள் எல்லாரும் உனக்கென்ன பைத்தியமா என்றார்கள். போய்வா என்று சொன்னது என் அம்மா மட்டும்தான், அதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

1970களில் அம்மாவுக்குத் தோட்டத்தில் செம்பனைப் பூவுக்கு மகரந்தம் ஊதும் வேலை. இன்றைய பிள்ளைகளுக்கு இப்படி ஒரு வேலை இருந்ததே தெரியாது. விடியற்காலை பெரட்டில், அதாவது ஆள் கணக்கெடுப்பில், பேர் கொடுத்துவிட்டுப் போனால், டால்கம் பவுடரில் கலந்த மகரந்தத்தை ஊதுகுழாயில் போட்டுக் கொடுப்பார்கள். மரம் மரமாகப் போய், மட்டைகளுக்கு நடுவில் கையை விட்டு, விரிந்திருக்கும் பெண்பூவைத் தேடிப் பிடித்து ஊத வேண்டும். விரிந்த இரண்டு மூன்று நாளுக்குள் ஊதிவிட வேண்டும், தப்பினால் அந்தக் குலை சரியாகக் காய்க்காது, மேற்பார்வை பார்க்கும் மண்டோர் ஏசுவார். மட்டையெல்லாம் முள். அம்மாவின் இரண்டு முன்கைகளிலும் அந்தக் கீறல்கள் இன்னும் வெள்ளைக் கோடுகளாக இருக்கின்றன. பள்ளி விடுமுறையில் நானும் கூடப் போவேன், அம்மா திரும்பி வரும்போது முந்தானையில் சோம்பு மாதிரி ஒரு வாசம் அடிக்கும், அது செம்பனைப் பூவின் வாசம்.

அந்த வேலை 1981ல் நின்றது. மரத்தின் சொந்த ஊரான ஆப்பிரிக்காவில் யாரும் ஊதாமலே காய்க்கிறதே, இங்கே மட்டும் ஏன் கையால் ஊத வேண்டியிருக்கிறது என்று, கெமரூனிலும் வேலை பார்த்துவிட்டு இங்கே வந்திருந்த லெஸ்லி டேவிட்சன் என்ற துரைக்கு ஒரு சந்தேகம். அங்கே மகரந்தத்தைச் சேர்ப்பது காற்று அல்ல, பூச்சிதான் என்று அவர் நினைத்தார். அதன்பேரில் ரஹ்மான் சையது என்ற பூச்சியியல் ஆய்வாளர் கெமரூனுக்குப் போய் ஆராய்ந்து, ஆண்பூவுக்கும் பெண்பூவுக்கும் போய்வரும் ஒரு சின்னக் கூன்வண்டைக் கண்டுபிடித்தார். எள்ளைவிடச் சற்றுப் பெரிது, அவ்வளவுதான். அதை இங்கே கொண்டுவந்து விட்டார்கள். அப்புறம் அம்மாவுக்கு முள்ளுக்குள் கைவிடுகிற வேலை இல்லை, உதிரிப்பழம் பொறுக்கும் வேலைக்கு மாற்றினார்கள்.

மரமும் அங்கேயிருந்து வந்ததுதான். மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த மரம், 1848ல் நான்கே நான்கு கன்றுகள் ஜாவாவில் போகோர் பூங்காவுக்கு வந்து, அங்கேயிருந்து பரவியது. இந்த நாட்டில் வியாபாரத்துக்கென்று முதலில் நட்டது 1917ல் எங்கள் ஊர்ப்பக்கத் தென்னமரம் தோட்டத்தில். அதாவது எங்கள் ஊரில் மூன்று தலைமுறை சோறு சாப்பிட்டதே ஆப்பிரிக்க மரத்தின் புண்ணியத்தில். அந்த ஊர்க் கடைவாசலில் நின்றுகொண்டு ஓர் ஆப்பிரிக்கப் பிள்ளையைப் பார்த்து அப்படிப் பேசினால் எனக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, பயணத்துக்கு வருகிறேன்.

நைரோபியிலிருந்து மொம்பாசாவுக்கு ரயிலில் போனேன். வழியில் சாவோ காடு, யானைகள் அங்கே செம்மண்ணைப் பூசிக்கொண்டு செங்கல் நிறத்தில் நிற்கின்றன. அந்தப் பக்கத்துப் பழைய ரயில்பாதையை 1896லிருந்து 1901 வரை போட்டவர்கள் இந்தியாவிலிருந்து கொண்டுபோன ஒப்பந்தக் கூலிகள், ஏறக்குறைய முப்பத்திரண்டாயிரம் பேர், பெரும்பாலும் பஞ்சாபிகள். ஏறக்குறைய இரண்டாயிரத்து ஐந்நூறு பேர் செத்தார்கள். 1898ல் இரண்டு சிங்கங்கள் அந்தச் சாவோவில்தான் கூடாரத்துக்குள் புகுந்து ஆட்களை இழுத்துப் போனது.

மொம்பாசாவிலிருந்து டார் எஸ் சலாமுக்குப் பஸ். எல்லை தாண்டி டாங்கா பக்கம் வந்தபோது பஸ் நின்றுவிட்டது, டிரைவர் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டார், மூன்று மணி நேரம். இரண்டு பக்கமும் கற்றாழை மாதிரி வரிசை வரிசையாக நார்ச்செடி, சிசல் என்கிறார்கள். ஜெர்மன்காரர் ஆட்சியில் 1893ல் வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டதாம். அந்த வரிசையைப் பார்த்ததும் இது தோட்டம் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை, கொஞ்சம் தள்ளி தொழிலாளர் வீட்டு வரிசை, லயம், தெரிந்தது, லயத்து முன்னால் துணி காய்ந்தது, பிள்ளைகள் டயர் உருட்டிக்கொண்டு ஓடினார்கள். ஒரு பெரியவர் வந்து "ஹபாரி?" என்று சுவாஹிலியில் நலம் கேட்டார். யோசிக்காமலே "கபார் பாய்க்", நலம்தான், என்று மலாயில் சொல்லிவிட்டேன். அவர் திகைத்து நின்றார், பிறகு ஹபாரியைப் புரிந்துகொண்டானே என்று என் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. சுவாஹிலிக்கும் மலாய்க்கும் அரபியிலிருந்து வந்த சொற்கள் நிறைய. உலகம் அங்கேயும் துனியாதான், சோப்பு சபுனி, ஏழை மஸ்கினி. நமக்குத் தெரிந்த மலாயை வைத்தே பாதி சந்தையைச் சமாளிக்கலாம். அவர் மகள் அவித்த மரவள்ளிக்கிழங்கைத் தட்டில் கொண்டுவந்தாள், கூடவே செம்பில் தண்ணீர். அவள் ஊற்ற நாங்கள் எல்லாரும் கை கழுவினோம். சாப்பிட்ட பிறகு காசு கொடுத்தேன், வாங்கவில்லை.

டார் எஸ் சலாமில் தஸாரா ரயில் ஏறினேன். சாம்பியாவில் கபிரி ம்போஷி வரைக்கும் 1,860 கிலோமீட்டர். சாம்பியாவுக்குக் கடல் கிடையாது, செம்பு விற்கிற நாடு, தெற்கே வெள்ளையர் ஆண்ட ரொடீசியா (இன்றைய ஜிம்பாப்வே) வழியை நம்பி இருக்க முடியாது என்பதற்காக தான்சானிய அதிபர் நியெரெரேயும் சாம்பிய அதிபர் கவுண்டாவும் சீனாவிடம் உதவி கேட்டு, 1970லிருந்து 1975க்குள் போட்ட பாதை. செலூஸ் காட்டுக்குள் போகும்போது ஜன்னலுக்கு வெளியே ஒட்டகச்சிவிங்கி நின்று எங்களைப் பார்க்கிறது. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் பெண்கள் தலையில் வாழைப்பழக் கூடையோடு ஓடி வருகிறார்கள். கீழ்ப் படுக்கைக்காரர் ஒரு பள்ளி ஆசிரியர், அவருடைய உகாலியை எனக்கும் கிள்ளிக் கொடுத்தார். சோள மாவுக் களிதான், நம் வீட்டுக் கேழ்வரகுக் களியை உருட்டிக் குழியாக்கிக் குழம்பு தொடுவது போலவே தொடுகிறார்கள்.

லுசாகாவில் படுத்துவிட்டேன். மலேரியா மாத்திரை கையில் இருந்தும் வயிற்றைப் புரட்டுகிறது என்று இரண்டாம் வாரமே நிறுத்தியிருந்தேன், அது என் தவறு. ராத்திரி பல் கிட்டித்துக்கொள்ளும் அளவுக்குக் குளிர், அப்புறம் உடம்பு நெருப்பு. தங்கியிருந்த வீட்டுக்காரம்மாவுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். விடிந்ததும் டாக்ஸி பிடித்து என்னைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனார், விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம், கால் மணி நேரத்தில் மலேரியா என்று தெரிந்துவிட்டது. கோஆர்டெம் மாத்திரை, ஒரு வேளைக்கு நான்கு, மூன்று நாளில் ஆறு வேளை. முதல் வேளைக்குப் பிறகு எட்டு மணி நேரத்தில் இரண்டாவதைப் போட வேண்டும், வெறும் வயிற்றில் போடக்கூடாது. எனக்கு முதல் வேளை கொடுக்கவே சாயங்காலம் ஆகிவிட்டது, ஆறு மணி. ராத்திரி இரண்டு மணிக்குக் கைப்பேசியில் அலாரம் வைத்து அந்த அம்மா எழுந்து, நிலக்கடலைப் பொடி போட்டுச் சோளக்கஞ்சி காய்ச்சி, என் தலையைத் தூக்கிப் பிடித்துக் குடிக்க வைத்து, நான்கு மாத்திரையையும் ஒவ்வொன்றாகக் கொடுத்தார். அங்கே நியாஞ்சா மொழியில் தாயை 'அமாயி' என்பார்கள். நான் காய்ச்சலில் அம்மா அம்மா என்று முனகியிருக்கிறேன், அவர் தன்னைத்தான் கூப்பிடுகிறேன் என்று ஒவ்வொரு தடவையும் எழுந்து வந்திருக்கிறார். இது எனக்கு மறுநாள்தான் தெரிந்தது. ஐந்து நாள் வாடகை வாங்க மாட்டேன் என்றார், நான் கட்டாயப்படுத்திக் கொடுத்தேன்.

கடையில் அந்தப் பையன்கள் சிரித்தபோது எனக்கு இந்த முகம்தான் முதலில் நினைவுக்கு வந்தது.

உடம்பு தேறிய பிறகு லிவிங்ஸ்டன் போய் விக்டோரியா அருவியைப் பார்த்தேன். அகலம் மட்டும் ஒன்றேமுக்கால் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஊர்க்காரர்கள் வைத்த பெயர் மோசி-ஓவா-துன்யா, இடி முழக்கும் புகை. அதைவிடப் பொருத்தமான பெயர் இல்லை, போனவர்களுக்குத் தெரியும்.

ஜொகன்னஸ்பர்க்கில் பிராம்ஃபொன்டைன் இடுகாட்டில் தில்லையாடி வள்ளியம்மையின் கல்லறைக்குப் போனேன். அந்த ஊரிலேயே பிறந்து, சத்தியாகிரகத்தில் சிறைக்குப் போய், 1914 பிப்ரவரியில் பதினாறு வயதில் இறந்த பெண். நம் பிள்ளைகளுக்கு இந்தப் பெயராவது தெரிய வேண்டும்.

டர்பன் போய்ச் சேர்ந்தபோது ஆடி பிறந்துவிட்டது. 1860 நவம்பர் 16ல் ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து 342 பேரை அங்கே இறக்கியது. 1911 வரை ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் போனார்கள், பெரும்பாலும் கரும்புத் தோட்டங்களுக்கு. நம் தாத்தா பாட்டி எந்த மாதிரி கப்பலில் இங்கே வந்தார்களோ அதே மாதிரி, ஊரும் ஒன்றுதான், ஏறிய கப்பல்தான் வேறு. மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் ஒரு வீட்டில் என்னையும் உட்கார வைத்தார்கள். அந்த வீட்டுப் பாட்டிக்கு எண்பது வயதிருக்கும், தமிழ் பேச வராது, ஆயா, தாத்தா, கஞ்சி என்று சில சொற்கள் மட்டும். ஆனால் ஒரு பழைய நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, ஆங்கில எழுத்தில் எழுதியிருந்த மாரியம்மன் பாட்டைக் கடைசிவரை பாடினார், ராகம் பிசகவில்லை. பாடி முடித்துவிட்டு, இதற்கு என்ன பொருள் என்று என்னிடம் கேட்டார். எழுபது வருடமாகப் பாடுகிறாராம், சொல்லிக்கொடுத்த ஆயா பொருள் சொல்லாமலே போய்விட்டாராம். பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகச் சொன்னேன், நோட்டின் ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டார். அதற்கு ஒன்றரை மணி நேரம் ஆனது, கூழ் ஆறிப்போனது, யாரும் எழுந்து போகவில்லை.

ஆபத்தே இல்லை என்று சொல்ல வரவில்லை. நைரோபியில் பஸ் ஜன்னலோரம் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன், வெளியிலிருந்து ஒரு கை வந்து பறித்துக்கொண்டு போய்விட்டது. கிள்ளானில் என் தங்கச்சி கழுத்துச் சங்கிலியை மோட்டாரில் வந்தவன் அறுத்துக்கொண்டு போனான். அதற்காகக் கிள்ளான்காரர்கள் எல்லாரும் திருடர்கள் என்று நாம் சொல்கிறோமா?

போக நினைப்பவர்களுக்கு இரண்டு விஷயம். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் கிளம்புவதற்குப் பத்து நாளாவது முன்னால் போட்டு, அந்த மஞ்சள் அட்டையைக் கடப்பிதழோடு வைத்துக்கொள்ளுங்கள். கென்யா போன்ற நாட்டுக்குப் போய்விட்டு அது இல்லாமல் திரும்பினால் நம் நாட்டு வாசலிலேயே கேள்வி வரும். ஒரு ஊசி ஆயுளுக்கும் போதும். மலேரியா மாத்திரையை வீடு திரும்பிய பிறகும் மருத்துவர் சொன்ன நாள் வரைக்கும் சாப்பிடுங்கள், என்னைப் போல நடுவில் நிறுத்தாதீர்கள்.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஓர் ஆப்பிரிக்கர் தப்பு செய்து பிடிபட்டால் தலைப்பிலேயே அவருடைய நிறம் வருவதைத் தமிழ்ப் பத்திரிகைகளில் பார்க்கிறேன். திருட்டுக்கு நிறம் எதற்கு? நம் பையன் ஒருவன் பிடிபட்டால் வேறு மொழிப் பத்திரிகை அப்படிப் போட்டால் நமக்கு எப்படி வலிக்கும்? அந்த ஒரு சொல்லை எடுத்துவிடுங்கள். இங்கே படிக்க வந்திருக்கும் ஆப்பிரிக்க மாணவர்களில் யாரிடமாவது பேசி, அவர்கள் ஊரைப் பற்றி ஒரு பக்கம் போடுங்கள், நான் கூட வந்து உதவி செய்கிறேன்.

கெமரூனுக்கு மட்டும் நான் இன்னும் போகவில்லை. அம்மாவுக்கு இப்போது எண்பத்தி நான்கு வயது. காது சரியாகக் கேட்பதில்லை, ஆனாலும் நான் பையைத் தூக்கினால் போதும், "பூச்சி ஊருக்கா போற?" என்று கேட்பார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளி,
பத்தாங் பெர்ஜுந்தை, சிலாங்கூர்.