கான்கிரீட் கொட்டும் முன் நூல் பிடித்துப் பாருங்கள்: மதுரை மாவட்டக் கிராம சபைகளுக்கு ஒரு திறந்த மடல்

மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டி, திருமங்கலம், பேரையூர் பக்கத்துக் கிராம சபைகளுக்கு வந்து உட்காரும் பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும் வணக்கம்.

தோப்பூர் எய்ம்ஸ் பற்றிப் பேசாத டீக்கடை நம் மாவட்டத்தில் இல்லை. 2018 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தபோது அதன் மதிப்பு 1,264 கோடி ரூபாய். பிறகு 1,977.80 கோடியாகத் திருத்தினார்கள்; அதில் 1,627.70 கோடி ஜப்பான் அரசின் ஜைக்கா நிறுவனம் தரும் கடன். அதைக் கேட்க நாடாளுமன்றம் இருக்கிறது. உங்கள் தெருவில் போட்ட சிமெண்ட் ரோட்டைக் கேட்க உங்களைத் தவிர ஆளில்லை.

2025-26 மத்திய பட்ஜெட்டில் மொத்தச் செலவு 50.65 லட்சம் கோடி. அதில் பழைய கடனுக்கு வட்டி மட்டும் 12.76 லட்சம் கோடி. வரவு போதாமல் விழும் பற்றாக்குறை 15.69 லட்சம் கோடி. அதாவது 100 ரூபாய் செலவழித்தால் அதில் 31 ரூபாய் புதுக்கடன், 25 ரூபாய் வட்டி. கடன் வாங்குவதே தப்பு என்று நாங்கள் சொல்லவில்லை. போர்வெல் போடக் கடன் வாங்கியவனிடம் தண்ணீர் விழுந்ததா என்றுதானே ஊர் கேட்கும்? ஒழுங்காகப் போட்ட சிமெண்ட் ரோடு 20 வருடம் தாங்கும். நாலே வருடத்தில் பாளம் பாளமாக வெடித்தால், ரோடு போன பிறகும் வட்டி ஓடிக்கொண்டிருக்கும்.

எங்கே கோட்டை விடுகிறோம் என்று பார்ப்போம். 100 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 15 செ.மீ. கனம் என்று எஸ்டிமேட்டில் இருந்தால் 45 கன மீட்டர் கான்கிரீட் விழ வேண்டும். 1:1½:3 (சிமெண்ட், மணல், ஜல்லி) கலவைக்குக் கன மீட்டருக்குச் சுமார் 8 மூட்டை, ஆக 360 மூட்டை சிமெண்ட். சராசரிக் கனம் 12 செ.மீ. ஆகிவிட்டால் 36 கன மீட்டரோடு வேலை முடிந்துவிடும். 72 மூட்டை மிச்சம், யாருக்கு என்பது வேறு கதை. நஷ்டம் சிமெண்டோடு நிற்பதில்லை. கான்கிரீட் பலகத்தின் வளைவு தாங்கும் வலு கனத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. கனம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் வலு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். நெல் அறுவடை மெஷின் ஒருநாள் உள்ளே வந்தால் போதும்.

ஓரத்தில் டேப் வைத்தால் 15 செ.மீ. சரியாகவே இருக்கும், ஏனென்றால் கான்கிரீட்டைப் பிடித்து நிறுத்த ஓரத்தில் அடிக்கும் பலகை அந்த உயரம். சூட்சுமம் நடுவில். கிராவலை நடுவில் மேடாக விட்டுவிட்டால் அங்கே 9, 10 செ.மீ.தான் நிற்கும், மேலே பூசியபின் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பலகை அடித்த அன்று, கான்கிரீட் கொட்டும் முன், இரண்டு பக்கப் பலகைக்கும் மேலே குறுக்கே ஒரு கொத்தனார் நூலை விறைப்பாகப் பிடியுங்கள். நூலிலிருந்து தரைக்கு டேப்பை இறக்குங்கள். பத்து மீட்டருக்கு ஒரு இடம், ஒவ்வொன்றிலும் நடு, இடது, வலது என்று மூன்று அளவு. அரைமணி நேர வேலை. நடுவில் மேடு தெரிந்தால் மண்வெட்டியால் சீவி, தண்ணீர் தெளித்து இறுக்கச் சொல்லுங்கள். அன்றைக்கென்றால் மண்வெட்டி போதும், மறுநாள் என்றால் உடைப்பான் வேண்டும்.

கொட்டும்போது பார்க்க வேண்டியது தண்ணீர். கலவை கஞ்சி மாதிரி ஓடினால் வேலைக்காரருக்குச் சுகம், ரோட்டுக்குக் கேடு. மேலே சிமெண்ட் பால் மிதந்து காய்ந்து, ஆறு மாதத்தில் புழுதியாகக் கிளம்பும். மறுநாளே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும், 14 நாள். சித்திரை வெயிலில் இரண்டு நாள் விட்டாலும் மயிரிழை வெடிப்பு நிச்சயம். வெடிப்பு கண்டபடி ஓடாமலிருக்க ரோட்டின் குறுக்கே போடும் வெட்டு அதிகபட்சம் 4 மீட்டருக்கு ஒன்று, கனத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழம். நாம் வெட்டாவிட்டால் ரோடு தானாகவே, தான் விரும்பிய இடத்தில் வெட்டிக்கொள்ளும்.

இன்னொரு விரயம் வரிசையில். வீட்டுக்கு வீடு குடிநீர் தரும் ஜல் ஜீவன் திட்டக் குழாய்க்கு மத்திய அரசு பாதி, மாநில அரசு பாதி போடுகிறது. ரோடு போட்டபின் குழாய் வந்தால் நடுவில் கீறிவிட்டு, மேலே இரண்டு அங்குலம் பூசிவிட்டுப் போவார்கள். அடியில் மண் அமுங்கி, கீறல் வாய்க்காலாகிவிடும். கிராம வளர்ச்சித் திட்டத்திலேயே முதலில் குழாய், அடுத்து வாறுகால், கடைசியில் ரோடு என்று எழுதச் சொல்லுங்கள்.

தாள்களைப் பொறுத்தவரை, ஊராட்சியின் வரவு செலவுக் கணக்கான படிவம் 30-ஐ வாசித்து முடித்ததும் கைதட்டி எழுந்துவிடாதீர்கள். எஸ்டிமேட்டையும், செய்த வேலையின் அளவுகளை எழுதும் எம்-புக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். எம்-புக்கில் எல்லா இடத்திலும் கனம் 0.15 என்று ஒரே எண் இருந்தால் அளக்காமல் எழுதியது என்று சந்தேகப்படலாம். நிஜ அளவு 0.14, 0.16 என்று கொஞ்சம் ஆடும். தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது: 10 ரூபாய் கட்டணம், 30 நாள் கெடு. அதன் 2(ஜே) பிரிவு நகல் வாங்க மட்டுமல்ல, வேலையை நேரில் பார்வையிடவும் பொருளின் சான்றிட்ட மாதிரி எடுக்கவும் உரிமை தருகிறது. இதைப் பயன்படுத்துகிறவர்கள் மிகக் குறைவு.

அடுத்த கிராம சபையில், ரோடு வேலைக்கான தீர்மானத்தில் இந்த வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள்: “பலகை அடித்த பின், கான்கிரீட் கொட்டும் முன், பொறியாளரும் தெருவாசிகள் மூவரும் சேர்ந்து நூல் பிடித்து அளந்து, அளவுகளில் கையெழுத்திட்ட பிறகே வேலை தொடர வேண்டும், அந்தத் தாள் பில்லோடு இணைக்கப்பட வேண்டும்.” மூவரில் ஒருவர் கொத்தனாராக இருந்தால் நல்லது.

இப்படிக்கு,
உள்ளாட்சிப் பணிகளில் பொறியாளர்களாகவும் தணிக்கையாளர்களாகவும் இருந்து ஓய்வுபெற்றோர் சிலர்,
மதுரை