கைத்தொழில் அனுபவத்துக்கு அரசுச் சான்று வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டு வேலைவாய்ப்பு பற்றி நாளிதழ்களில் வரும் செய்திகள் பெரும்பாலும் இரு தரப்பாரைப் பற்றியே அமைகின்றன. பட்டம் பெற்ற பொறியாளர்களும் செவிலியர்களும் ஒரு தரப்பு. கட்டுமானக் கூலி வேலைக்கும் வீட்டு வேலைக்கும் செல்வோர் இன்னொரு தரப்பு. இவ்விருவருக்கும் நடுவில், கல்லூரிப் படி ஏறாதவர்களாக, ஆனால் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஒரே தொழிலில் ஊறித் தேர்ந்தவர்களாக, வெல்டர்கள், பிட்டர்கள், பைப் பேப்ரிகேட்டர்கள், ஆலை எலெக்ட்ரீஷியன்கள் என்று ஒரு பெருங்கூட்டம் தமிழகத்தில் இருக்கிறது. திருவெறும்பூர், துவாக்குடிப் பகுதிப் பட்டறைகளிலும் பின்னர் வளைகுடா நாடுகளிலும் வெல்டராக வேலை பார்த்து, இப்போது இளைஞர்களுக்கு அத்தொழிலைக் கற்றுக்கொடுத்து வருபவன் என்ற முறையில், அந்தக் கூட்டத்துக்காக இதை எழுதுகிறேன்.

பட்டம் இல்லாதவனுக்கு வளைகுடாவை விட்டால் வேறு போக்கிடம் இல்லை என்று எங்கள் பகுதியில் இன்றும் பலர் நம்புகிறார்கள். அது உண்மை இல்லை. கனடா 2013ஆம் ஆண்டிலேயே கைத்தொழிலாளர்களுக்கென்று தனிக் குடியேற்றத் திட்டம் தொடங்கியது. கடந்த ஐந்து ஆண்டுகளில் இரண்டு ஆண்டு அனுபவமும் ஓரளவு ஆங்கிலமோ பிரெஞ்சோ தெரிந்திருப்பதும் அதற்கு அடிப்படைத் தகுதி. படிப்புச் சான்றைக் கட்டாயமாகக் கேட்பதில்லை, அங்குள்ள நிறுவனத்தின் வேலை உறுதியோ மாகாணத்தின் தொழில் சான்றோ கையில் இருந்தால் போதும். ஜப்பான் 2019 ஏப்ரலில் கொண்டுவந்த குறிப்பிட்ட திறன் பணியாளர் விசாவுக்குத் தொழில் தேர்வும் ஜப்பானிய மொழித் தேர்வும் தேறினால் போதும். 2021 ஜனவரியில் இந்தியாவும் அதற்கான உடன்பாட்டில் கையெழுத்திட்டது. ஆஸ்திரேலியாவில் முறையான பயிற்சி பெறாதவரின் பல ஆண்டு அனுபவத்தையும் ஆராய்ந்து, தொழில்நுட்ப நேர்காணலும் செய்முறைத் தேர்வும் வைத்து அங்கீகரிக்கும் ஏற்பாடு உண்டு. பிரிட்டன் மட்டும் எதிர்த்திசையில் சென்று, 2025 ஜூலை 22 முதல் திறன் பணியாளர் விசாவுக்கான பணிகளைப் பொதுவாகப் பட்டப்படிப்பு நிலைக்கு உயர்த்திவிட்டது.

இப்போது எங்கள் இளைஞர்கள் அதிகம் விசாரிப்பது ஜெர்மனியைப் பற்றித்தான். 2022 டிசம்பரில் இந்தியாவும் ஜெர்மனியும் குடிபெயர்வு உடன்பாடு செய்துகொண்டன. 2024 மார்ச் 1 முதல், அங்கே தங்கள் தகுதியை முழுமையாக அங்கீகரித்துக்கொள்ளாதவர்களும் அனுபவத்தைக் காட்டி வேலைக்குச் செல்லலாம் என்று அந்நாட்டுச் சட்டம் மாறியது. அதே ஆண்டு அக்டோபரில், இந்தியத் திறன் பணியாளர்களுக்கான விசாவை ஆண்டுக்கு 20,000 என்ற அளவிலிருந்து 90,000 ஆக உயர்த்துவதாகவும் ஜெர்மனி அறிவித்தது. இந்த அறிவிப்புகளைக் கேட்டு, கையில் தொழில் இருக்கிறது, இனி நமக்கும் வழி பிறந்தது என்று மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். விதிகளை வரிவரியாகப் படித்தபோதுதான் எங்கள் ஆட்கள் எங்கே தடுக்கி நிற்பார்கள் என்பது புரிந்தது.

அனுபவ வழியில் செல்ல அந்தச் சட்டம் மூன்று நிபந்தனைகளை வைக்கிறது. கடந்த ஐந்து ஆண்டுகளில் குறைந்தது இரண்டு ஆண்டு அத்தொழிலில் வேலை பார்த்திருக்க வேண்டும். குறிப்பிட்ட அளவு சம்பளத்துக்கு வேலை உறுதி வேண்டும். 2025ஆம் ஆண்டில் அது பொதுவாக ஆண்டுக்கு 43,470 யூரோவாக இருந்தது. சொந்த நாட்டு அரசு அங்கீகரித்த, குறைந்தது இரண்டு ஆண்டு காலத் தொழிற்பயிற்சியோ உயர்கல்வியோ முடித்திருக்கவும் வேண்டும். கணினித் துறையினருக்கு மட்டும் இந்த மூன்றாவது நிபந்தனையைத் தளர்த்தியிருக்கிறார்கள். பட்டமோ பட்டயமோ இல்லாத ஒரு புரோகிராமர் அனுபவத்தை மட்டும் காட்டிச் செல்லலாம். வெல்டருக்கு அந்தச் சலுகை இல்லை.

நம் ஐ.டி.ஐ.களில் பிட்டர், டர்னர், மெஷினிஸ்ட், எலெக்ட்ரீஷியன் ஆகிய பிரிவுகள் இரண்டு ஆண்டுப் படிப்புகள். அவற்றைப் படித்தவர் அந்த நிபந்தனையைத் தாண்டிவிடலாம். வெல்டர் பிரிவோ ஓராண்டுப் படிப்பு. எட்டாம் வகுப்பு தேறியவர்களும் சேரலாம் என்பதால் ஏழை வீட்டுப் பிள்ளைகள் அதிகம் தேர்ந்தெடுக்கும் பிரிவும் அதுதான். ஆக, ஐ.டி.ஐ.யில் முறையாகப் படித்து, தேசியத் தொழிற்சான்றிதழ் வாங்கி, அதற்குப் பிறகு பதினைந்து ஆண்டு பாய்லர் குழாய்களைப் பற்றவைத்தவரும், ஜெர்மனியின் கணக்கில் ஓராண்டு குறைந்தவராகவே நிற்கிறார். ஐ.டி.ஐ. பக்கமே போகாமல் பட்டறையிலேயே ஹெல்ப்பராகச் சேர்ந்து தொழில் கற்றவரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எங்கள் பகுதியின் மிகச்சிறந்த வெல்டர்கள் பலர் இந்த இரண்டாவது வகையினர்.

அவர்களிடம் இருக்கும் திறமை எத்தகையது என்பதை வெளியிலுள்ளோர் அறிந்துகொள்ள, சிக்ஸ் ஜி என்ற தேர்வைச் சற்று விளக்க விரும்புகிறேன். முனை சீவிய இரண்டு குழாய்த் துண்டுகளை 45 பாகை சாய்வில் அசையாமல் பொருத்திவிடுவார்கள். குழாயைத் திருப்பக்கூடாது, வெல்டர்தான் அதைச் சுற்றி, அடியில் குனிந்தும் பக்கவாட்டில் வளைந்தும் மேலே எழுந்தும் பற்றவைக்க வேண்டும். ரூட் எனப்படும் முதல் ஓட்டம், டங்ஸ்டன் முனையும் மந்த வாயுவும் கொண்டு பற்றவைக்கும் டிக் முறையில் போடப்படும். ஒரு கையில் டார்ச், மறு கையில் இடைவெளியை உருகி நிரப்பும் கம்பியான பில்லர் ராடு. இரு முனைகளுக்கும் நடுவே உருகித் திறக்கும் சாவித்துளை போன்ற ஓட்டையைப் பெரிதாகவும் விடாமல் அடைந்துபோகவும் விடாமல், சொட்டுச் சொட்டாக ராடை ஊட்டிக்கொண்டே நகர வேண்டும். சூடு ஒரு நொடி கூடினால் உள்பக்கம் குழி விழும். கை அவசரப்பட்டால் ஓரம் உருகாமல் நிற்கும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் தெரியாது; எக்ஸ்ரே பிலிமில் கறுத்த கோடாகக் காட்டிக்கொடுத்துவிடும். அந்தப் பிலிம் சுத்தமாக வருவதற்குப் பின்னால் பல ஆண்டுப் பழக்கம் இருக்கிறது. வகுப்பறையில் உட்கார்ந்து இதைக் கற்றுக்கொண்டவரை நான் பார்த்ததில்லை.

இவ்வளவு கடினமான தேர்வில் தேறியவரிடமும் வெளிநாட்டில் செல்லுபடியாகும் சான்று இருப்பதில்லை என்பதுதான் வேதனை. உலகெங்கும் வழங்கும், அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் (ஏ.எஸ்.எம்.இ.) விதிகளின்படி வெல்டரைத் தகுதிப்படுத்துவது அந்தந்த நிறுவனத்தின் பொறுப்பு. ஒரு கம்பெனிக்காக எடுத்த தகுதி பொதுவாக அடுத்த கம்பெனிக்குச் செல்லாது, அங்கே மறுபடியும் தேர்வு எடுக்க வேண்டும். மேலும் ஆறு மாதம் அந்த முறையில் பற்றவைக்காமல் இருந்தால் தகுதி காலாவதியாகிவிடும். நம் பாய்லர் ஒழுங்குமுறைகளின்படி உயர் அழுத்த வெல்டருக்கு அரசின் பாய்லர் துறையே தேர்வு வைத்துச் சான்று கொடுக்கிறது. அதையும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தாக வேண்டும். அரசு அதிகாரி முன்னிலையில் கையின் திறமையைச் சோதித்து வழங்கப்படும் சான்றே ஆனாலும், அது பயிற்சிப் படிப்புக்கான சான்று அன்று என்பதால் விசா விண்ணப்பத்தில் படிப்புத் தகுதியாக நிற்காது.

அனுபவத்தைக் கடிதம் காட்டி நிரூபிக்கலாமே என்று கேட்கலாம். எங்கள் பகுதிப் பட்டறைகளில் நேரடி வேலையில் இருப்பவர்கள் குறைவு. மேன்பவர் கான்ட்ராக்டர் ஒருவரின் பெயரில் ஆள் உள்ளே வருவார். வேலை முடிந்ததும் வேறொரு கான்ட்ராக்டரின் பெயரில் வேறொரு பட்டறைக்குப் போவார். கேட்டு வாங்கும் கடிதத்தில், இன்னார் எங்களிடம் பணிபுரிந்தார், நன்னடத்தை உள்ளவர் என்று இரண்டு வரி இருக்கும். சேர்ந்த தேதி, விலகிய தேதி, முழுநேர வேலையா, எந்த உலோகத்தில் எந்த முறையில் பற்றவைத்தார், கையெழுத்திட்டவரின் பதவியும் தொலைபேசி எண்ணும் என்ன என்ற விவரம் எதுவும் இராது. வெளிநாட்டு அதிகாரி தேடுவது அந்த விவரங்களைத்தான். ஒரு பட்டறை என் மாணவர் ஒருவருக்கு, அவர் அங்கே டிக் வெல்டராக வேலை பார்த்த காலம் முழுவதற்கும் ஹெல்ப்பர் என்றே எழுதிக் கொடுத்தது. அவர்களின் சம்பளப் பதிவேட்டில் அப்படித்தான் இருந்ததாம். அந்தக் கடிதத்தால் அவருக்கு நன்மை விளையவில்லை, கெடுதலே விளைந்தது.

இந்நிலையில் வருங்கால வைப்புநிதிப் பதிவுதான் தொழிலாளியின் கையில் மிஞ்சும் நம்பகமான ஆவணம். யார், எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை பணம் கட்டினார்கள் என்பது அதில் தெரியும். யாரும் நினைத்தபடி மாற்றி எழுத முடியாது. பி.எப். பிடித்தால் கைக்கு வரும் சம்பளம் குறைகிறது என்று எங்கள் ஆட்களே சிலர் அதை வேண்டாம் என்கிறார்கள். வெளிநாட்டு எண்ணம் உள்ள எந்த இளைஞரும் அந்தத் தவறைச் செய்ய வேண்டாம் என்று வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். மாதாமாதம் பிடிக்கும் கொஞ்சப் பணத்தைப் பார்த்து, பின்னாளில் ஐந்தாறு ஆண்டு அனுபவத்துக்கே ஆதாரம் இல்லாமல் நிற்பது மிகப்பெரிய இழப்பு.

சான்று இல்லாதவர்களுக்கு ஏற்கெனவே திறந்திருக்கும் ஒரு வழி பலருக்குத் தெரியாமலே இருக்கிறது. ஐ.டி.ஐ.யில் படிக்காமல் தொழிலில் அனுபவம் பெற்றவர்கள், அகில இந்தியத் தொழிற்தேர்வைத் தனித்தேர்வர்களாக எழுதித் தேசியத் தொழிற்சான்றிதழ் பெறலாம். மாநில அரசின் வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை இதற்கு விண்ணப்பம் கோரி, முதல்நிலைத் தேர்வு நடத்தித் தேறியவர்களை அனுப்புகிறது. ஆனால் அறிவிப்பு எப்போது வந்தது, எப்போது முடிந்தது என்பது பட்டறைகளுக்குத் தெரிவதில்லை. விண்ணப்பத்துடன் அனுபவச் சான்று கேட்கும்போது மேலே சொன்ன இரண்டு வரிக் கடிதத்தை வைத்துக்கொண்டு திண்டாட வேண்டியிருக்கிறது. கருத்தியல் (தியரி) தேர்வுக்கான கணக்கும் வரைபடமும் பள்ளியை விட்டு நெடுங்காலம் ஆனவரை மலைக்க வைக்கின்றன. மாலை நேரத்தில் சில மாதம் சொல்லிக்கொடுத்தால் அவர்கள் நன்றாகவே தேறுவார்கள். எட்டாம் வகுப்போடு நின்றவர்கள், குழாய் அமைப்பை முப்பரிமாணமாகக் காட்டும் ஐசோமெட்ரிக் வரைபடத்தைப் பார்த்துக் குழாய் வெட்டுவதை நான் அன்றாடம் பார்க்கிறேன்.

முன்அனுபவத்தை அங்கீகரிப்பதாகச் சொல்லி மத்திய அரசு திறன் திட்டத்தில் வழங்கும் குறுகிய காலச் சான்றிதழ் இதற்கு மாற்று ஆகாது. உள்நாட்டில் அதற்குப் பயன் இருக்கலாம். இரண்டு ஆண்டுப் பயிற்சி கேட்கும் நாட்டில் அதைக் காட்டி ஒன்றும் ஆகப்போவதில்லை. அதை ஜெர்மனி விசாவுக்குப் போதுமானது என்று சொல்லிப் பணம் பறிக்கும் ஆட்களும் கிளம்பியிருக்கிறார்கள் என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஏஜென்ட் விஷயத்தில் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. பதிவு பெற்ற ஆள்சேர்ப்பு முகவர் தொழிலாளியிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதன் மீதான ஜி.எஸ்.டி.யும்தான், ரசீதும் கொடுக்க வேண்டும். முகவரின் பதிவை மத்திய வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் இணையதளத்தில் யாரும் சரிபார்க்கலாம். பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் கடவுச்சீட்டில் பொதுவாகக் குடிபெயர்வுச் சோதனை தேவை (ஈ.சி.ஆர்.) என்ற குறிப்பு இருக்கும்; அதை அவமானமாகக் கருதி, விசிட் விசாவில் வளைகுடா போய் அங்கே வேலை விசாவுக்கு மாறிக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கு இசைந்தால், அந்தச் சோதனை வழியே கிடைக்கும் ஒப்பந்தப் பதிவும் பத்து லட்சம் ரூபாய்க் காப்பீடும் இல்லாமல் போய்விடும். 1978இல் தொடங்கப்பட்ட தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்திலும் பெயரைப் பதிவு செய்துவைக்கலாம் என்பது எங்கள் பகுதியில் பலருக்குத் தெரியவே தெரியாது.

கையின் திறமையை நேரில் சோதித்து ஆள் எடுப்பது நடக்காத காரியம் அன்று. கட்டுமானத் தொழிலாளர்களுக்கான சிங்கப்பூர் ஸ்கில் டெஸ்ட் தமிழ்நாட்டிலேயே நடக்கிறது. சவூதி அரேபியாவும் அண்மை ஆண்டுகளில் வெல்டர், பிளம்பர், எலெக்ட்ரீஷியன் போன்றோருக்கு விசாவுக்கு முன்பே இங்கு திறன் தேர்வு வைக்கிறது. வெளிநாடுகள் இங்கு வந்து சோதிக்கும்போது, நம் அரசு தன் தொழிலாளியைத் தானே சோதித்து, வெளிநாடு ஏற்கும் சான்றை ஏன் கொடுக்கக்கூடாது?

மாநில அரசு தனித்தேர்வர் தேர்வைத் தொழிற்பேட்டைகளுக்கே கொண்டுவர வேண்டும். 1975 முதல் திருச்சி பெல் (பாரத மிகுமின் நிறுவனம்) வளாகத்தில் இயங்கும் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் போன்ற அமைப்புகளைச் செய்முறைத் தேர்வுக்கும், அரசு ஐ.டி.ஐ.களை மாலை நேர வகுப்புக்கும் பயன்படுத்திக்கொள்ளலாம். அனுபவச் சான்றுக்கு ஒரே மாதிரிப் படிவத்தை வகுத்து, கான்ட்ராக்டர்களும் அதில்தான் தர வேண்டும் என்று தொழிலாளர் துறை ஆணையிட வேண்டும். கடிதம் கிடைக்காதவருக்கு பி.எப். பதிவையும் பாய்லர் துறைச் சான்றையும் போதிய ஆதாரமாக ஏற்க வேண்டும். மத்திய அரசு, வெல்டர் பிரிவில் ஓராண்டு முடித்தவர்கள் மேலும் ஓராண்டு உயர் பயிற்சி பெற்று இரண்டு ஆண்டுச் சான்றாக நிறைவுசெய்ய வழி செய்வதோடு, தனித்தேர்வராகப் பெறும் சான்றையும் ஏற்கும்படி ஜெர்மனியுடன் 2022 குடிபெயர்வு உடன்பாட்டின் கீழ்ப் பேச வேண்டும்.

தங்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை தனித்தேர்வர் அறிவிப்பு வெளியாகும்போது, அதை உள்பக்கத்துப் பொடி எழுத்தில் விட்டுவிடாமல், கடைசித் தேதி, கட்டணம், விண்ணப்பம் கிடைக்கும் இடம் ஆகியவற்றோடு மாவட்டப் பக்கத்தில் பெரிய எழுத்தில் வெளியிடுங்கள். பட்டறைக்கு வரும் நாளிதழை மதிய இடைவேளையில் பத்துப் பேர் படிக்கிறார்கள்.

இப்படிக்கு,
வெல்டிங் பயிற்றுநர் ஒருவர்,
திருவெறும்பூர், திருச்சி மாவட்டம்